கிரேக்கத் தீவில் கடலோர வில்லா: முதலில் காற்று, பிறகு குடா, கடைசியில்தான் வீடு

உங்கள் கேள்வியின் சாரம் இது. சென்னையிலிருந்து எட்டுப் பேர் கிளம்புகிறீர்கள். அப்பா அம்மா எழுபதைத் தாண்டியவர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணன் குடும்பம், உங்கள் குடும்பம், இப்போதுதான் நீச்சல் பழகும் இரண்டு பிள்ளைகள். பெரியவர்கள் இருவரும் சைவம். ஹோட்டல் வேண்டாம், கடலை ஒட்டி ஒரு வில்லா எடுத்துப் பத்து நாள் சேர்ந்து இருக்க வேண்டும். சாண்டோரினியா வேறு தீவா, மே மாதமா காலாண்டு விடுமுறையா, எதையெல்லாம் பார்த்து புக் பண்ணுவது?

சுருக்கமான பதில்: காலாண்டு விடுமுறையில் போங்கள். கிரீட் தீவின் வடமேற்கில், ஹானியா நகரத்துக்குக் கிழக்கே கலீவெஸ், அல்மிரிதா என்று இரண்டு கடலோர ஊர்கள் இருக்கின்றன. அங்கே வீடு பாருங்கள். சாண்டோரினி வேண்டாம். இனி காரணங்கள்.

எல்லோரும் முதலில் வீட்டின் படத்தைப் பார்க்கிறார்கள். நீல நீச்சல்குளம், அதற்கு அப்பால் நீலக் கடல், மனசு விழுந்துவிடும். பிறகு அந்த வீடு எந்தத் தீவில் என்று பார்த்து, அந்தத் தேதியில் அங்கே காற்று எப்படி என்று யாருமே கேட்பதில்லை. நான் வீடு தேடிக் கொடுக்கும் குடும்பங்களிடம் இதைத் தலைகீழாகத்தான் செய்யச் சொல்வேன். கிரேக்கக் கடற்கரையில் விடுமுறை நன்றாக இருக்குமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

ஏஜியன் கடலில் கோடை முழுக்க, குறிப்பாக ஜூலை, ஆகஸ்டில், வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று இருக்கும், ஆனால் காற்று நாள் முழுக்க விடாது. தொடங்கினால் இரண்டு மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்கூட நீளும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடுதலாகவும் துருக்கிப் பக்கம் குறைவாகவும் இருப்பதால் வருவது இது. அந்தத் துருக்கித் தாழ்வழுத்தம், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆசியா மேல் உருவாகும் பெரிய வெப்பத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சி என்கிறார்கள் வானிலைக்காரர்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே மாதங்களில் நாக்ஸோஸிலும் மைக்கோனோஸிலும் குடை பறப்பது தற்செயல் இல்லை. ஏஜியன் நடுவில் இருக்கும் சைக்ளடீஸ் தீவுக் கூட்டம் (மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி எல்லாம் இதில்தான்) இந்தக் காற்றின் நேர்வழியில் இருக்கிறது. அங்கே கடற்கரை உணவகங்களில் மேசை விரிப்பை நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அலங்காரத்துக்காக என்று நினைத்தால், ஒரு நாள் கிளிப் இல்லாத மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சாண்டோரினியை ஏன் தள்ளுகிறேன் என்றால், நீங்கள் கேட்பது அங்கே இல்லை. படங்களில் வரும் வெள்ளை வீடுகள் ஃபிரா, ஓயா ஊர்களில், எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. கடல் தெரியும், ஆனால் அது செங்குத்தான பாறைக்குக் கீழே இருநூறு முந்நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஓயாவிலிருந்து கீழே இருக்கும் அம்முதி துறைக்கு இறங்க நூற்றுக்கணக்கான படிகள். அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே தெருவிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து மொட்டை மாடிக்கு என்று படிகள்தான். குளிக்கும்படியான கடற்கரைகள் தீவின் மறுபக்கம், கமாரி, பெரிஸ்ஸாவில் இருக்கின்றன; கறுப்பு மணல், வெயிலில் கால் வைக்க முடியாது. சாண்டோரினி பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. இரண்டு இரவு போதும், அதையும் இந்தப் பயணத்தில் சேர்த்தால் பெட்டி கட்டுவதிலேயே பாதி நாள் போகும்.

நல்ல மாற்று இரண்டு. கிரேக்கத்துக்கு மேற்கே அயோனியன் கடலில் இருக்கும் கோர்ஃபு, பாக்ஸோஸ், லெஃப்கதா போன்ற தீவுகளுக்கு மெல்டெமி எட்டாது. அங்கே பிற்பகலில் வடமேற்கிலிருந்து ஒரு மிதமான காற்று வரும், மாலையில் அடங்கிவிடும். கோர்ஃபுவின் வடகிழக்குக் கரையில் நிஸ்ஸாகி, அக்னி, கலாமி என்று சின்னச் சின்னக் குடாக்கள். எதிரே அல்பேனிய மலைகள். தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். வெனீஸ்காரர்கள் 1386 முதல் 1797 வரை ஆண்ட தீவு, அவர்கள் ஊக்கம் கொடுத்து நடவைத்த ஆலிவ் மரங்கள் இன்றும் மலை முழுக்க நிற்கின்றன. வில்லா வாடகைத் தொழிலும் அங்கே பழையது. ஆனால் கரைகள் கூழாங்கல், சாலைகள் செங்குத்து. இன்னொன்று மழை. இவ்வளவு பச்சையாக இருப்பதற்குக் காரணம் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதுதான், அது இலையுதிர் காலத்தில் தொடங்கிவிடும். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் இதே கடலில் கெஃபலோனியா, இதாகா, ஜாகின்தோஸ் தீவுகளைப் புரட்டிப் போட்டது.

ஆகவே நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஜூலை, ஆகஸ்ட் என்றால் கோர்ஃபு பக்கம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்றால் தெற்கே இருக்கும் கிரீட். அப்போது மெல்டெமி பெரும்பாலும் தணிந்திருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் 24 டிகிரி பக்கம் இருக்கும், ஆகஸ்டில் கேட்ட வாடகை கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கியிருக்கும். மே மாதத்தில் வெயில் இதமாக இருக்கும், மலையெல்லாம் பூவாக இருக்கும், ஆனால் கடல் 19, 20 டிகிரிதான். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு அது ஃப்ரிட்ஜ் தண்ணீர். ஜெர்மன்காரர்கள் குதிப்பார்கள், உங்கள் பிள்ளைகள் கணுக்கால் வரை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதோடு 2027இல் கிரேக்க ஈஸ்டர் மே 2 அன்று வருகிறது. அந்த வாரம் ஏதென்ஸ்காரர்களே ஊர் திரும்புவதால் கப்பலும் விமானமும் நிரம்பிவிடும்.

இப்போது குடா. கிரீட் சின்னத் தீவு இல்லை. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம், நடுவில் 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள். வடகரை முழுக்க வடகாற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு ஹானியாவுக்குக் கிழக்கே இருக்கிறது. அக்ரோத்திரி என்ற மூக்கு கடலுக்குள் நீண்டு, சூதா வளைகுடாவை வடக்கிலிருந்து மறைக்கிறது. கலீவெஸும் அல்மிரிதாவும் அந்த மறைவில் இருக்கின்றன. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் திரபானோ முனையைத் தாண்டி யோர்கியூபோலி வரும். அகலமான மணல் கரை, படத்தில் மூன்று ஊரிலும் அழகானது அதுதான். ஆனால் மறைப்பு ஏதும் இல்லாமல் திறந்து கிடக்கிறது. காற்று நாளில் அலையோடு உள்ளிழுக்கும் நீரோட்டமும் சேரும், சிவப்புக் கொடி ஏறும். நீச்சல் பழகும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த இருபது நிமிட தூரம் பெரிய வித்தியாசம்.

அல்மிரிதாவில் மணல் கரை ஆழமில்லாமல் மெல்ல இறங்கும். பின்னால் ஒரே வரிசையில் உணவகங்கள். தாத்தா பாட்டி நிழலில் காப்பியோடு உட்கார்ந்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். கலீவெஸ் கொஞ்சம் பெரிய ஊர்: பேக்கரி, மருந்துக்கடை, இறைச்சிக்கடை, ஆண்டு முழுக்க ஆள் வாழும் தெரு. ஊர் நடுவே மலையிலிருந்து வரும் ஓர் ஓடை கடலில் கலக்கிறது, அதனால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சில்லென்றிருக்கும். அப்பா அம்மாவுக்கு நடந்து போகும் தூரத்தில் மருந்துக்கடை இருக்க வேண்டும் என்றால் கலீவெஸ், பிள்ளைகளுக்குக் கடல் முக்கியம் என்றால் அல்மிரிதா. நான் என்றால் அல்மிரிதா எடுப்பேன், மருந்தைக் கையில் கொண்டுபோவேன்.

ஒரு எச்சரிக்கை. அல்மிரிதாவில் தேடினால் பிளாகா, கொக்கினோ ஹோரியோ ஊர்களின் வில்லாக்களும் வரும். அவை மேட்டில் இருக்கும் கிராமங்கள். பார்வை பிரமாதம், குளத்தில் மிதந்தபடி வளைகுடா முழுவதும் தெரியும். விளம்பரத்தில் கடல் 500 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது காகம் பறக்கும் நேர்கோட்டுக் கணக்கு. நடுவில் பாறைச்சரிவு, சாலை சுற்றிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு முறையும் காரை எடுத்தால்தான் கடல்.

இதனால்தான் விளம்பரத்தை வாசிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். சீ வியூ என்றால் கடல் தெரியும், அவ்வளவுதான். சீ ஃப்ரன்ட் என்றால் முன்னால் கடல் இருக்கிறது, ஆனால் அது பாறையாகவும் இருக்கலாம், நடுவில் சாலையும் ஓடலாம். பீச் ஃப்ரன்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் மணலோ கூழாங்கல்லோ இருக்கும் என்று நம்பலாம், அதையும் சரிபார்க்க வேண்டும். கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து குளத்தின் வடிவத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடியுங்கள். புக் பண்ணும் முன் சரியான முகவரி தராவிட்டாலும் சுற்றுவட்டாரத்தைக் காட்டுவார்கள், வடிவம் பொருந்திவிடும். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது, எத்தனை மடிப்புப் படி, பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கிறதா, வெளி மேசை எந்தத் திசையைப் பார்க்கிறது, எல்லாம் தெரியும். மேசை வீட்டின் தெற்குச் சுவரோரம் இருந்தால் வீடு கட்டியவருக்குக் காற்றைத் தெரியும் என்று அர்த்தம். படங்களிலும் தடயம் இருக்கும்: குடைகள் எல்லாம் மூடிக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றனவா, குளத்தோரம் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்களா, தோட்டத்து மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நீங்கள் போகும் மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். காற்று, படி, மண்பாதை, கொசு, இந்த நான்கு சொற்கள் யார் வாயிலிருந்தாவது வந்திருந்தால் அதை மூன்று மடங்காக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் விடுமுறைக்குப் போனவர்கள் பொதுவாகக் குறையை மென்றுதான் எழுதுவார்கள்.

தனியார் கடற்கரை என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். கிரேக்கச் சட்டப்படி கரை எல்லோருக்கும் பொது. வில்லாக்காரர் அதை வேலி போட முடியாது. நாற்காலியும் குடையும் போட்டுக் காசு வாங்குவதற்கு உரிமம் உண்டு, ஆனால் பக்கத்தில் உங்கள் துண்டை விரித்துக்கொள்ள யாரும் மறுக்க முடியாது. 2023 கோடையில் பாரோஸ் தீவில் ஊர்க்காரர்களே நாற்காலிக் கடைகள் கரையை முழுங்கிவிட்டன என்று துண்டோடு திரண்டு போராடினார்கள். அடுத்த ஆண்டே அரசு புதுச் சட்டம் போட்டு, கரையில் பாதிக்கு மேல் நாற்காலி போடக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. தனியாக வேண்டும் என்றால் காலை எட்டரைக்குப் போங்கள், பத்தரை வரை கரை உங்களுடையது.

வீடு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டும் முன், கிரேக்கத்தில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும், விளம்பரத்திலேயே அது இருக்கும். எண் இல்லாத வீட்டை, அதுவும் தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கியில் பணம் போடச் சொல்லும் வீட்டை, விட்டுவிடுங்கள். வாடகைக்கு மேல் காலநிலைக் கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் வில்லாவுக்கு இரவுக்கு 15 யூரோ. ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பத்து இரவுக்கு 150 யூரோ, பெரும்பாலும் போய்ச் சேர்ந்ததும் கேட்பார்கள். இதைப் பார்த்து ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அரசு வரி அது. நீச்சல்குளத்தைச் சூடாக்குவதற்குத் தனிக் காசு, அக்டோபரில் தேவைப்படலாம், முன்கூட்டியே கேளுங்கள். குளத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா என்பதையும் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கே வேலி இல்லாத குளமே அதிகம், வரவேற்பறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேராகத் தண்ணீர். பிள்ளைகள் மதியம் தூங்கி எழுந்து முதலில் போவது அங்கேதான்.

வீட்டுக்குள் இரண்டு விஷயம் நம் ஆட்களைக் குழப்பும். வெந்நீர் மாடியில் இருக்கும் சோலார் தொட்டியிலிருந்து வரும். மேகமூட்டமான நாளிலோ எட்டுப் பேரும் வரிசையாகக் குளித்த பிறகோ தண்ணீர் ஆறிவிடும். அப்போது குளியலறையில் சுவிட்ச் தேடக்கூடாது. சமையலறைப் பக்கமோ நடைவழியிலோ இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஹீட்டருக்கென்று ஒரு தனிச் சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு அரை மணி கழித்து அணைக்க வேண்டும். போய் இறங்கிய அன்றே வீட்டுக்காரரிடம் எது என்று கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, கழிப்பறையில் டிஷ்யூ பேப்பரைப் போட்டுத் தண்ணீர் விடக்கூடாது; குழாய்கள் குறுகல், கிராமத்து வீடுகளில் செப்டிக் டேங்க், அடைத்துக்கொள்ளும். மூடி போட்ட சின்னக் கூடையில் போட வேண்டும். ஐரோப்பியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நமக்கு ஒரு மக் வாங்கி வைத்தால் விஷயம் முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது இந்தப் பயணத்தின் சுலபமான பகுதி. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஆண்டில் பல மாதங்களுக்கு விரத நாட்கள் வரும். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. அதனால் வீட்டுச் சமையலில் சைவம் ஏராளம். தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி மெதுவாக வேகவைத்த பீன்ஸுக்குப் ஃபசோலாகியா என்று பேர். அதே பாணியில் சின்ன வெண்டைக்காயைச் செய்தால் பாமியெஸ். பெரிய வெள்ளை மொச்சையை அடுப்பில் வைத்து எடுத்தால் யீகாந்தெஸ். கத்திரிக்காய், உருளை, சுரை வகை எல்லாம் சேர்த்துச் சுட்டால் பிரியாம். ஃபாவா என்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து மேலே வெங்காயம் போட்டுத் தருவது. அம்மா முதல் வாய் வைத்ததும் பருப்பு என்று சொல்லிவிடுவார். கிரீட்டுக்கே உரியது தாகோஸ்: கல்லு மாதிரி இருக்கும் பார்லி ரஸ்க், மேலே துருவிய தக்காளி, மிஸித்ரா பாலாடைக்கட்டி, எண்ணெய். ஐந்து நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். உடனே கடித்தால் பெரியவர்கள் பல்லுக்கு ஆபத்து. கீரையை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தருவதற்கு ஹோர்த்தா என்று பேர். அதைக் கேட்டு வாங்குங்கள், மெனுவில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சைவம் என்று சொல்வதற்குப் பதிலாக நிஸ்தீசிமோ, அதாவது விரதச் சாப்பாடு, என்று கேட்டால் சர்வருக்குச் சட்டென்று புரியும் என்று பலர் சொல்லிக் கொடுப்பார்கள். புரியும்தான். ஆனால் கிரேக்க விரதத்தில் இரத்தம் இல்லாத கடல் உயிர்கள் சேர்த்தி: இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் விரதச் சாப்பாடு. அப்பா தட்டில் ஆக்டோபஸ் கால் வந்து நிற்கும். இறைச்சி, மீன், கடல் உணவு எதுவும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தக்காளி, குடைமிளகாயில் சோறு அடைத்துச் சுடும் யெமிஸ்தாவும் இரண்டு வகை, கொத்துக்கறி சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் சமைக்க அரிசி, துவரைக்கு ஒத்த பருப்பு, கடலை, தயிர், காய்கறி எதற்கும் பஞ்சமில்லை. ஹானியாவின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் பாஸ்மதியும் மஞ்சள்தூளும் கிடைக்கும். பொடி வகைகளைச் சென்னையிலிருந்து எடுத்துப் போங்கள்: சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, புளி. ஆனால் நெய், பால்கோவா, பால் இனிப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வழியில்லை, காய்ந்து பொடித்த கறிவேப்பிலைப் பொடி போதும். தேங்காய்க்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகலாம், யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தட்டு வைத்த மின்அடுப்பு, இண்டக்ஷனாகவும் இருக்கலாம். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது, அடிப்பக்கத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். நம் மூன்று முனைப் பிளக்கும் நுழையாது, இரண்டு முனை ஐரோப்பிய அடாப்டர் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் ஹானியா பக்கம் மலை ஊற்றிலிருந்து வருவது, குடிக்கலாம். வீட்டுக்காரர் வரவேற்க ஒரு சின்ன பாட்டிலில் நிறமில்லாத ஏதோ ஒன்று வைத்திருப்பார். அது தண்ணீர் இல்லை. திராட்சைச் சக்கையில் காய்ச்சிய சிகுதியா என்ற சாராயம். உணவகத்திலும் சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே வைப்பார்கள், காசு கிடையாது. பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். எட்டுப் பேருக்கு ஒன்பது இருக்கை வேன் எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கிராமச் சந்துகளில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இரண்டு சின்னக் கார் எடுங்கள். ஒரு கார் கடற்கரைக்கு, ஒரு கார் வீட்டில், பெரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். ஆட்டோமேட்டிக் கார் குறைவு, வாடகையும் கூட, அதனால் இப்போதே சொல்லி வையுங்கள். கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பேரில் இருக்க வேண்டும். காப்பீட்டில் மண்சாலை பெரும்பாலும் சேராது, டயரும் வண்டியின் அடிப்பாகமும் தனி. பாலோஸ் கடற்கரைக்குப் போகும் பாதை மண்சாலைதான், அங்கே கிஸ்ஸாமோஸ் துறையிலிருந்து படகில் போய்விடுங்கள். வடகரை நெடுஞ்சாலையில் உள்ளூர்க்காரர்கள் பாதி வண்டியை ஓரக் கோட்டுக்கு வெளியே ஒதுக்கித்தான் ஓட்டுவார்கள், பின்னால் வருகிறவன் முந்திப் போவதற்கு. நீங்களும் ஒதுங்கி வழிவிட்டால் ஹாரன் சத்தம் வராது. வளைவுகளில் தூணின் மேல் தகரத்தில் குட்டிக் கோயில் மாதிரி, உள்ளே விளக்கும் படமுமாக நிற்கும். விபத்தில் போனவர் நினைவாகவோ, பிழைத்தவர் நன்றியாகவோ வைத்தது. ஒரே வளைவில் மூன்று பார்த்தால் காலைத் தானாகவே பிரேக்கில் வைப்பீர்கள்.

எங்கே போவது என்று நான் பட்டியல் போடவில்லை. பத்து நாளில் நான்கு நாள் வெளியே போனால் போதும். ஹானியாவின் பழைய துறைமுகத்துக்கு மாலையில் போங்கள், சமதளம், அம்மா நடக்கலாம். எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் கரைக்கு ஒரு வழி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், வளைவுகள், வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் யோசியுங்கள். கூர்னாஸ் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, காற்று நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் இறக்கம், அண்ணனும் நீங்களும் மட்டும் போய்வாருங்கள். பெரியவர்களுக்குத் தென்கரையில் ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து படகேறி, கார்ச் சாலையே இல்லாத லூத்ரோ ஊருக்குப் போய் மதியம் சாப்பிட்டு வருவது பிடிக்கும். வடகாற்று பலமாக இருந்தால் அக்ரோத்திரியின் தெற்குப் பக்கம் மராத்தி என்று ஒரு சின்ன மணல் கரை, அங்கே தண்ணீர் அசையாது.

பாறை இருக்கும் இடத்தில் கடல்முள்ளெலி உண்டு, எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்குங்கள். மணலில் கம்பிக் கூண்டோ குச்சி வேலியோ தெரிந்தால் ஆமை முட்டை இட்ட இடம், குடை ஊன்றாதீர்கள். அவசர எண் 112. காட்டுத்தீ எச்சரிக்கையும் அதே எண்ணிலிருந்து எல்லா போனுக்கும் அலறலோடு வரும். 2023இல் ரோட்ஸ் தீவிலும் 2025இல் கிரீட்டின் கிழக்குப் பக்கம் இயராபெத்ராவிலும் ஆயிரக்கணக்கானோரை இப்படித்தான் வெளியேற்றினார்கள். பைன் காட்டுக்குள் ஒரே ஒரு பாதை மட்டும் உள்ள வில்லாவை நான் தவிர்ப்பதற்குக் காரணம் இது.

ஷெங்கன் விசாவுக்கு (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் பதினைந்து நாள் முன்பு. அதை நம்பாதீர்கள், செப்டம்பர் பயணத்துக்கு ஜூனிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்குள் 45, அதற்குக் கீழே இலவசம். சேவை மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். வீடு ஒருவர் பேரில்தான் புக் ஆகும், அதனால் எட்டுப் பேர் பெயரும் போட்டு, பாஸ்போர்ட் எண்ணோடு ஒரு கடிதம் வீட்டுக்காரரிடம் வாங்குங்கள். விசா வரும் வரை காசு திரும்பக் கிடைக்கும் புக்கிங்காகவே வைத்திருங்கள்.

சென்னையிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக ஏதென்ஸ், அங்கிருந்து ஹானியாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம். ஏதென்ஸில்தான் குடியேற்றச் சோதனை. ஐரோப்பிய எல்லைகளில் இப்போது கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வந்திருப்பதால் வரிசை நீளம், அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்றரை மணி விட்டுவிடுங்கள். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஹானியாவுக்கு இரவுக் கப்பலும் உண்டு, கேபின் எடுத்தால் ஒரு ராத்தங்கல் செலவு மிச்சம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். போகும்போது அது ஒரு நாள் தாமதம், வரும்போது தோஹா விமானம் போய்விடும்.

வில்லாவில் பிற்பகல் மூன்று நாலு மணிக்குத்தான் சாவி தருவார்கள், கடைசி நாள் காலை பத்து பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். ஹானியாவிலிருந்து மாலை விமானம் என்றால் நடுவில் எட்டு மணி நேரம் எட்டுப் பேரும் பெட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியிருக்கும். அக்டோபரில் அடுத்த ஆள் அன்றே வருவது குறைவு. மூன்று மணி வரை இருக்க முடியுமா என்று புக் பண்ணும்போதே கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.